ஸ்லைடைத் தடை செய்தால் கால் பிழைக்குமா?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம், மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது மாலை நேரம் சாப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான மட்டைப்பந்து ஆட்டம்) ஆடுகிறோம். போன வாரம் தேர்டு பேஸுக்கு (ரன்னர் வரிசையாகத் தொட வேண்டிய நாலு இடங்களில் மூன்றாவது) ஸ்லைடு அடித்து, அதாவது தரையோடு சறுக்கி, வந்த ரன்னரின் கால், பேஸுக்கு முன்னால் பந்துக்காகக் காத்து நின்ற எங்கள் பீல்டரின் கரண்டையில் மோதி வீங்கிவிட்டது. பந்து அப்போது அவர் கைக்கு வரவில்லை. தப்பு யார் மேல்? இனி ஸ்லைடே கூடாது என்று விதி போட்டுவிடலாமா?

பதில்: அடிபட்டவரைப் போய்க் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியபடி பார்த்தால் தப்பு அவர் மேல்தான். பந்து கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மட்டையிலிருந்து வரும் பந்தை எடுக்கும் வேலையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ரன்னரின் வழியை மறித்தால் அது அப்ஸ்ட்ரக்‌ஷன். 'பந்து வந்துகொண்டே இருந்தது சார்' என்பார்கள். முன்பு சில விதிப்புத்தகங்களில் அந்தச் சலுகை இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அம்பயர் ஆட்டத்தை உடனே நிறுத்தமாட்டார். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டுவார், ஆட்டம் ஓடும். மறிக்காமல் இருந்திருந்தால் ரன்னர் எந்த பேஸை எட்டியிருப்பாரோ, அதைக் கடைசியில் கொடுப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடித்த பந்தை எடுக்கப்போகும் பீல்டருக்கு ரன்னர்தான் ஒதுங்க வேண்டும், இடித்தால் ரன்னர் அவுட். பந்தோடு காத்திருக்கும் பீல்டர்மேல் நின்றவாக்கில் வேண்டுமென்றே மோதினாலும் அவுட்தான். முரட்டுத்தனமாக மோதியிருந்தால் ஆளை வெளியேற்றவும் செய்யலாம். உங்கள் ரன்னர் ஆணி வைத்த ஷூக்காலை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் நான் அவரையும் சும்மா விடமாட்டேன். கரண்டையில் பட்டது என்பதால் கால் தாழ்ந்துதான் வந்திருக்கிறது.

சரி, தடை விஷயம். ஸ்லைடு என்பது ரன்னருக்கு பிரேக். 60 அடி ஓடிவருகிறவனிடம் பிரேக்கைப் பிடுங்கிவிட்டு, பீல்டரையும் பேஸ் வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும்? கரண்டையில் பட்டது இனி நெஞ்சில் படும். தடை போடத்தான் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு ஏற்பாடு சேர வேண்டும். செகண்ட், தேர்டு பேஸைத் தொட்டுவிட்டு நேராகக் கடந்து ஓடினால் அவுட் கிடையாது என்று வையுங்கள். ஹோமில், அதாவது கடைசி பேஸில், டேக் (பந்தோடு ரன்னரைத் தொட்டு அவுட் ஆக்குவது) கிடையாது; ரன்னருக்குத் தனியாக ஒரு பிளேட், அங்கே நிற்கும் கேட்சருக்கு ஒன்று. அமெரிக்காவில் வயதானவர்கள் ஆடும் லீக்குகளில் ஹோமுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். இருபது வயதுப் பையன்கள் ஆடும் இடத்தில் எனக்கு இந்தத் தடை பிடிக்கவில்லை.

நிற்கும் இடத்தைச் சரி செய்யுங்கள், அது போதும். வாசப்படியில் நிற்காதே என்று வீட்டில் அதட்டுவார்களே, அதேதான். ரன்னர் வரும் பக்கத்து விளிம்பு ரன்னருடையது. பீல்டர் பேஸின் பக்கவாட்டில், நாலு பேஸும் சேர்ந்த வைர வடிவத்தின் உள்பக்கமாக நிற்க வேண்டும். பந்தைப் பிடித்த பிறகு கையுறையை மட்டும் அந்த விளிம்புக்கு முன்னால் தரையோடு இறக்கி, கால் பட்டதும் மேலே இழுத்துவிட வேண்டும். கையுறையின் முதுகு ரன்னரைப் பார்க்கட்டும். வெறுங்கை அந்தப் பக்கமே போகக் கூடாது. எறி தப்பாக வந்தால் இடத்தை விட்டு பந்தின் பின்னால் போகலாம், ஆனால் காலை நீட்டி வழியை அடைக்கக் கூடாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: உங்கள் பேஸ் எதில் செய்தது? இந்தக் கரையில் நான் பார்த்த மைதானங்களில் பாதியில் சிமெண்டுச் சாக்கில் கடல்மணலை அடைத்து, நாலு மூலையிலும் கம்பி அடித்திருப்பார்கள். அது பேஸ் இல்லை, மைல்கல். அமெரிக்காவின் மிச்சிகனில் டேவிட் ஜாண்டா என்ற எலும்பு மருத்துவரின் குழு இதையே சோதித்து 1988இல் வெளியிட்டது. அசையாத பேஸ் வைத்த 627 ஆட்டங்களில் ஸ்லைடால் 45 காயம். இடித்தால் கழன்றுகொள்ளும் பேஸ் வைத்த 633 ஆட்டங்களில் 2. அந்த பேஸை வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை. 15 அங்குலச் சதுரத்தில் பழைய ரப்பர் மேட்டை வெட்டி, கம்பி இல்லாமல் போடுங்கள். கச்சான் காற்றுக்குப் பறந்தால் அடியில் ஈர மணலைத் தூவுங்கள். வலைத்துண்டை மடித்து மட்டும் போடாதீர்கள், கால்விரல் மாட்டிக்கொள்ளும். பர்ஸ்ட் பேஸில் பவுல் பக்கம் (கோட்டுக்கு வெளிப்பக்கம்) இன்னொரு கலர் மேட் போட்டால் ரன்னருக்கு அது, பீல்டருக்கு வெள்ளை. அங்கே ஸ்லைடே வேண்டாம், ஓடிக் கடப்பதுதான் நல்லது.

ஆட்டத்துக்கு முன் பேஸைச் சுற்றிப் பத்தடியைக் கையால் துழாவிவிடுங்கள், விளக்குமாறு போதாது. சிப்பி ஓடு கண்ணுக்குத் தெரியும். சீமைக்கருவேல முள் மணலுக்குள் படுத்திருக்கும்.

ஸ்லைடைப் பழக்க ஈரத் தார்ப்பாயும் வெறுங்காலும் போதும். காய்ந்த மணலில் பழக்காதீர்கள், குதிகால் புதைந்து முட்டி திரும்பும். பேஸுக்கு 8 முதல் 10 அடி முன்பே உட்காரத் தொடங்க வேண்டும். ஒரு கால் மடங்கி அடியில், மறுகால் நீண்டு தாழ்வாக, தாடை நெஞ்சோடு, கைகள் மேலே. ஸ்லைடு அடிக்கலாமா வேண்டாமா என்று கடைசி நொடியில் யோசிக்கிறவன்தான் காலை ஒடித்துக்கொள்கிறான். தலை முன்னால் போகும் டைவை என் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை. இளவயதில் அப்படிப் பாய்ந்ததில் வளைந்துபோன என் சுண்டுவிரல் இன்னும் நிமிரவில்லை.

அப்புறம் உங்கள் பீல்டரின் கரண்டை. எண்ணெய் போட்டு உருவி இழுக்க விடாதீர்கள். ஐஸுக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை, ஆனால் மீன்பெட்டி ஐஸை நேரடியாக வைக்காமல் பாலிதீன் பையில் கட்டி, மேலே துணி சுற்றி, ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் வையுங்கள். காலை உயர்த்தி வைக்கட்டும். நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது கரண்டை எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் அது சுளுக்கு என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், நாளைக்கே.