அத்தானுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கருத்தரிப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் விந்தணுக்கள் பற்றி புராஜெக்ட் செய்கிறேன். வேலை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டில் ரத்தப் பரிசோதனை என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால், கல்யாணமாக வேண்டிய பெண் செய்கிற வேலையா என்று அம்மா அழுவார். அக்காவுக்கு வேறு நான்கு வருஷமாகக் குழந்தை இல்லை. மாத்திரை, சஷ்டி விரதம் என்று இருக்கிறாள். அத்தானுக்கு டெஸ்ட் எடுக்கவில்லை, கேட்டால் சங்கடம். நான் புராஜெக்டை மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதே. வீட்டுக்குத் தெரியாமல் படிக்கிற பெண்களின் கடிதம் எனக்கு மாதாமாதம் வருகிறது. உன் கடிதத்தில் என் மனதைப் பிசைந்தது அதுவல்ல. ‘அத்தானுக்கு டெஸ்ட் எடுக்கவில்லை, கேட்டால் சங்கடம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த வரி.

தினமும் என்ன செய்கிறாய் நீ? பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் ஒட்டிய டப்பாவில் விந்து மாதிரி வருகிறது. 37 டிகிரியில் வைத்து, அது நீர்த்துவர அரைமணி நேரம் காத்திருக்கிறாய். மைக்ராஸ்கோப்பில் குனிந்து கட்டம் கட்டமாக எண்ணுகிறாய். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு கீழெல்லை என்பது உனக்கு மனப்பாடம். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் உண்டு என்று புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பாய். ஊரார் வீட்டு டப்பாவை எண்ணத் தெரிந்த உனக்கு, சொந்த அக்காவுக்காக ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லையா?

யாருக்குச் சங்கடம்? உள்பரிசோதனைக்குக் கால் மடக்கிப் படுத்தவள் உன் அக்கா. கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்திருந்தால், அந்த வலியும் அவளுடையது. அத்தானுக்குத் தேவை மூடிய அறையும் ஒரு டப்பாவும்தான். ஊசிகூடக் கிடையாது. வீட்டு மருமகனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கக் கூடாது என்பதில் நானும் உறுதியானவள். அதற்காக மகளைத் தனியாகத் தண்டிக்கிற குடும்பத்தை நான் மதிக்க மாட்டேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்ததோடு பிறந்த வீட்டின் பொறுப்பு முடிந்துவிடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போ. ஃபைலை வாங்கி, அத்தான் பெயரில் ஒரு தாளாவது இருக்கிறதா என்று பார். பிறகு அக்காவின் சம்மதத்தோடு அப்பாவை அவரிடம் தனியாகப் பேசச் சொல். 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் அதோடு முடிந்தது என்று யாரும் உட்கார வேண்டாம். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. நடுவில் நல்ல காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை இறங்கும். மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். விதைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம் (வேரிகோசில்) போன்றவை என்றால் சிகிச்சை உண்டு. ஒன்று, நீ வேலை செய்கிற இடத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். அத்தானுடைய டப்பா உன் கைக்கு வரக் கூடாது.

அம்மாவிடமும் அன்றைக்கே சொல்லிவிடு. அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, நான் எண்ணுவது ரத்த அணு இல்லை, அக்கா மாதிரிப் பெண்கள் வீண்பழி சுமக்காமல் இருக்கத்தான் இந்த வேலை” என்று சொல். அழுவார். எழுந்து போய்விடாதே, கூடவே இரு.