ஈட்டி மர மேசைக்குப் பூசிய எண்ணெய் பாலிஷ் மூன்று வாரமாகியும் காயவில்லை. மரம் போலியா?

போலியாக இருந்திருந்தால் பெரும்பாலும் இந்நேரம் காய்ந்திருக்கும். உங்களுக்கு யாரோ மரத்தைப் பற்றிச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் இதே பழி வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் மரவேலை செய்பவன். சில வருடங்களுக்கு முன் ஒருவருக்கு ஈட்டியில் எழுதுமேசை செய்தேன். பலகை ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் மரம், இருந்தது. அறுத்துத் தள்ள வேண்டியதுதான் முறை. ஊதா கலந்த பழுப்பு வைரத்துக்கு (மரத்தின் முற்றிய நடுப்பகுதிக்கு)ப் பக்கத்தில் அது அழகாக இருக்கிறதென்று அவரே விடச் சொன்னார். ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த பாலிஷ் போட்டேன். இரண்டே நாளில் வெள்ளைப் பகுதி காய்ந்துவிட்டது. வைரம் மட்டும் பிசுபிசுவென்று நின்றது. இரண்டு வாரம் அப்படியே. டப்பா பழசோ என்று புதிது வாங்கி, அதன் மேலேயே இன்னொரு கை பூசினேன். முட்டாள்தனம். பிசுக்கு இரண்டு மடங்கானது.

தின்னரில் நனைத்த துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். துணி முழுக்க ஊதாச் சிவப்பு. வெள்ளைப் பட்டையிலும் அந்த நிறம் இறங்கியிருந்தது. "என்னண்ணே, சாயம் போகுதே? வேற ஏதோ மரத்துக்குச் சாயம் ஏத்திட்டீங்களா?" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பிறகுதான் விவரம் தெரிந்தது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஈட்டி மட்டுமல்ல, அது சேர்ந்த டால்பெர்ஜியா இனத்து மரங்கள் பலவற்றின் வைரத்திலும் அந்தச் சேர்க்கையைத் தடுக்கும் இயற்கைப் பொருள்கள் ஊறியிருக்கின்றன. வெள்ளையில் அந்தச் சரக்கு இல்லை, அதனால் காய்ந்தது. வைரத்தின் நிறமும் ஸ்பிரிட், தின்னர் பட்டால் கரைந்து வரும்.

'சாயம் ஏற்றிய மரமும்தானே நிறம் விடும்?' என்று இங்கே ஒருவர் வருவார். சரி. மேசைக்கு அடியில் உளியால் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். உள்ளேயும் அதே நிறம் ஓடி, வெட்டிய இடம் லேசாக மணந்தால் அப்புறம் என்ன சந்தேகம்? 'நான் ஈட்டிக்கு எண்ணெய்தான் பூசுகிறேன், காய்கிறதே' என்பவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. மரத்துக்கு மரம் மாறும்.

இனி உங்கள் மேசை. பிசுக்கை டர்பன்டைனால் துடைத்தெடுங்கள். நன்றாக உலர்ந்தபின் மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷை மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள். அரக்கைக் கரைத்திருக்கும் ஸ்பிரிட் ஆவியானாலே அது காய்ந்துவிடும், வைரத்தால் அதைத் தடுக்க முடியாது. அதற்கு மேல் எந்த பாலிஷும் நிற்கும். வெள்ளை இருந்தால் துணியை வைரத்திலிருந்து அந்தப் பக்கம் இழுக்காதீர்கள். உப்புத்தாள் போட்டால் முகமூடி கட்டாயம். ஈட்டித் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். எண்ணெய்த் துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்.

போலியைத் தேட வேண்டுமானால் பெயர்களில் தேடுங்கள். 'பிலிப்பைன்ஸ் மகாகனி' என்று விற்பது ஷோரியா இனத்து மரம், அசல் மகாகனிக்கு உறவே இல்லை. அதையெல்லாம் நம்பி வாங்குகிறவர்கள் உளி பிடித்தவனை மட்டும் நம்புவதில்லை. மரத்துக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, கூலி என்றதும்தான் பேரம் ஆரம்பிக்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

என்னிடம் வந்தவர் இன்னும் அந்த மேசையில்தான் எழுதுகிறார். அரக்கு பூசியதும் பிசுக்கு போய்விட்டது. நிறம் இறங்கிய அந்த இரண்டு விரல் பட்டைக்காகக் கூலியில் பிடித்ததை மட்டும் அவர் திருப்பித் தரவே இல்லை.