பவர் சீட் நகரவில்லை: மோட்டாரை மாற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கடலூரில் ஓடும் காரில் மோட்டாரால் நகரும் ஓட்டுநர் சீட் (பவர் சீட்) முன்னும் பின்னும் நகரவில்லை, மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். உயரம் ஏற்றி இறக்குவது ஒழுங்காக நடக்கிறதா? நடந்தால் ஃபியூஸும், கரண்ட் காரின் பாடிக்குத் திரும்பும் பொது எர்த்தும் பெரும்பாலும் சரிதான். சுவிட்ச், அந்த ஒரு மோட்டார், இடையிலுள்ள ஒயர், இவைதான் சந்தேகம். எதுவுமே அசையாவிட்டால் முதலில் ஃபியூஸ். பல கார்களில் 30 ஆம்பியர்.

மோட்டார் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மல்டிமீட்டர் ஊசியைச் செருகி, சுவிட்சை அழுத்தியபடியே இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். கழற்றி அளந்தால் லோடு இருக்காது, அதாவது மோட்டார் கரண்ட் இழுக்காது. அரித்துப்போன ஒயரும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். முழு வோல்ட் வந்தும் சுற்றவில்லையா? மோட்டார் பழுது, அல்லது சீட் ரெயிலில் மண்ணோ நாணயமோ சிக்கியிருக்கிறது. 8, 9 வோல்ட்டுக்கு இறங்கினால் வழியில் எங்கோ தடை.

உயரமும் ஏறி இறங்கவில்லை என்றால், நம் கடலோர உப்புக்காற்றில் அந்தத் தடை எர்த் ஒயரை பாடியோடு இறுக்கும் போல்ட்டில் இருக்கலாம். மழைத்தண்ணீர் உள்ளே புகுந்த வண்டி என்றால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். பச்சை பூத்த டெர்மினல் கண்ணில் படும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல சீட் நகர்ந்துவிடும்.

மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்கானது. அதில் மீட்டர் வைக்கவே கூடாது. சீட்டைக் கழற்றுவதானால் பேட்டரி நெகட்டிவை எடுத்து 10 நிமிடம் பொறுங்கள்.