கேளுங்கள்: படிவம் ஆறா, எட்டா?

கேள்வி: பெரம்பூரிலிருந்து வேளச்சேரிக்குக் குடிபெயர்ந்திருக்கிறோம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றுவது எப்படி என்று சாட்பாட்டிடம் கேட்டால், தொகுதி மாறுவதால் படிவம் 6 கொடுக்க வேண்டும் என்கிறது. தேர்தல் விஷயத்தில் அதன் பேச்சை நம்பலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: அது சொல்வது பழைய விதி. 2022 ஆகஸ்ட் 1 முதல் படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டுமே உரியது. குடிமாற்றம் ஒரே தொகுதிக்குள் நிகழ்ந்தாலும், உங்களைப் போல் தொகுதி விட்டுத் தொகுதி சென்றாலும், படிவம் 8-தான் கொடுக்க வேண்டும். இணையத்தில் பழைய விளக்கங்கள் இன்னும் மலிந்து கிடக்க, அவற்றையும் படித்தே பழகிய சாட்பாட் காலாவதியான விடையைத் துளியும் தயங்காமல் சொல்லிவிடுகிறது. அந்தத் தயக்கமின்மைதான் எனக்கு அச்சமூட்டுகிறது.

அதற்காக அதை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. அலுவலக நடையில் உள்ள அறிவிப்பை எளிய தமிழில் விளக்கவோ, வாக்கு யாருக்குப் பதிவானது என்று காட்டும் விவிபேட் கருவியில் 7 விநாடிகள் தெரியும் சீட்டில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று முதன்முறை வாக்காளருக்குச் சொல்லவோ அது நன்றாகவே உதவும். ஆனால் படிவம், தேதி, வாக்குச்சாவடி ஆகியவற்றைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ 1950 என்ற உதவி எண்ணிலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணையும் வாக்காளர் அட்டை எண்ணையும் சாட்பாட்டில் பதிய வேண்டாம். (யாருக்கு வாக்களிப்பது என்று அதனிடமே கேட்பவர்களும் உண்டாம், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.)

படிவம் 8-ஐ இப்போதே கொடுத்துவிடுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் சேர்க்க இயலாது.