கரண்ட் வைக்கும்போது வாய்ப்புண்: கேட்டதும் சொன்னதும்

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு (பேச்சுவழக்கில் "கரண்ட்") தரும் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அப்பாவுக்கு நாக்கில் கேன்சர். கரண்ட் வைக்க ஆரம்பித்து இரண்டாவது வாரம்தான், அதற்குள் வாய் எரிகிறது என்கிறார். இது சரிதானா, சிஸ்டர்?

இந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கும். சிகிச்சை பெரும்பாலும் வாரம் 5 நாள் வீதம் 6, 7 வாரம் நடக்கும். கடைசி வாரங்களிலும், முடிந்த பிறகு ஓரிரு வாரமும் வலி உச்சத்தில் இருக்கும். அப்புறம்தான் மெல்ல ஆறும். "எல்லாம் முடிந்தும் குறையவில்லையே" என்று அப்போது பயந்துவிடாதீர்கள்.

காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டரில் உப்பு 1 டீஸ்பூன், ஆப்ப சோடா 1 டீஸ்பூன் கலந்து கொப்பளிக்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், சாப்பிட்டதும் கட்டாயம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு, அது வேண்டாம். இதனால் புண் ஆறிவிடாது. ஒட்டும் எச்சிலும் சோற்றுத் துணுக்கும் போய் வாய் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

கடையில் விற்கும் மவுத்வாஷ்?

ஆல்கஹால் கலந்தது வேண்டவே வேண்டாம். வலி குறைக்கும் பென்சிடமைன் மவுத்வாஷ் டாக்டர் எழுதித் தந்திருந்தால் பயன்படுத்தலாம். எரிந்தால் டாக்டரைக் கேட்டுத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

அம்மா வலி தாங்காமல் அழுகிறார். ஒரு வாரம் கரண்டை நிறுத்திவிட்டு, புண் ஆறியதும் தொடரலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த ஒரு வாரத்தில் புண் ஆறலாம், ஆனால் மிச்சமிருக்கும் புற்றணுக்களும் பெருகும். வலியைத்தான் அடக்க வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது. பாராசிட்டமால் போதாவிட்டால் டாக்டர் மார்ஃபின் தருவார். அந்தப் பெயரைக் கேட்டதுமே "அடிமையாகிவிடுவாரே" என்று மாத்திரையை அலமாரியில் ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள், புண் ஆறியதும் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். மலச்சிக்கல் வரும், அதற்கு முதல் நாளே மருந்து கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு முன் வாயை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல் தந்திருந்தால் கொஞ்சம் கவனம். வாய் மரத்திருக்கும்போது சூடு தெரியாது, புரையேறலாம். உட்கார வைத்து, ஆறிய உணவைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

ரசம் சாதம்கூட இறங்கவில்லை. என்ன கொடுப்பது?

புளி, மிளகு, தக்காளி மூன்றும் ரசத்தில்தானே இருக்கின்றன! குழைந்த பருப்பு சாதத்தில் நெய், பாலில் கரைத்த ராகிக் கஞ்சி, மசித்த அவித்த முட்டை கொடுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்வார்கள். மறுக்காதீர்கள், பிறகு எடுத்துவிடலாம்.

நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சுரண்டலாமா?

கூடாது. பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள், அதற்குத் தனி மருந்து உண்டு. கீமோவும் சேர்ந்து நடக்கும்போது காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புகையிலையை விட்டாயிற்று. வெறும் வெற்றிலை பாக்கு?

பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். சுண்ணாம்பு வேறு புண்ணில் படும். வேண்டாம் ஐயா.