சொந்தக் கதையைக் கேட்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஐந்து மாதமாகப் பெண்களின் உரிமை, நலம் பற்றி மாதம் ஒரு கூடுகை நடத்துகிறோம். முதல் மாதம் 38 பேர் வந்தார்கள். வழக்கறிஞர் ஒருவர் பேசினார். இரண்டாம் மாதம் ஒரு மருத்துவர். மூன்றாம் மாதம் ‘வீட்டு வன்முறைக்கு எதிராகப் பெண்கள்’ என்று தட்டி வைத்தோம். வந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் தன் அனுபவத்தைச் சொல்லச் சொன்னோம். ஒரு பெண் தன் கணவர் அடிப்பதை முதல்முறையாகச் சொல்லி அழுதார். எல்லோருமே அழுதோம். 1960களின் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் சிறு குழுக்களாக அமர்ந்து சொந்த வாழ்க்கையைப் பேசியே ஓர் இயக்கத்தை வளர்த்தார்கள் என்று படித்திருந்ததால்தான் அப்படிச் செய்தோம். அன்றைய படங்களை வாட்ஸப்பில் பகிர்ந்தோம். எங்களுக்கு மிக நிறைவளித்த கூடுகை அதுதான். ஆனால் அதன்பின் அந்தப் பெண் வரவில்லை. கூட்டமும் குறைந்துகொண்டே போய், போன மாதம் 9 பேர்தான். அடுத்த ஆறு மாதத்துக்கு என்னென்ன தலைப்புகள் வைக்கலாம்? பேச யாரை அழைக்கலாம்? ஆண்களையும் சேர்க்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

தலைப்பும் பேச்சாளரும் கேட்கிறீர்கள். நான் அந்த ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘அதன்பின் அந்தப் பெண் வரவில்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தலைகளை எண்ணப் போய்விட்டீர்கள். இத்தகைய கூடுகைகளில் சொந்தக் கதையைக் கேட்கும் பழக்கத்தைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதைக் கையில் கொண்டுவந்து தந்திருக்கிறது. ஆறு பேர் சம்பளமின்றி, மாதம் தவறாமல் இதைச் செய்வது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கோபமும் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

முதலில் தட்டி. அதை அந்தப் பெண்ணின் கணவரும் படித்திருப்பார் என்று உங்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை? வீட்டு வன்முறை பற்றிய கள ஆய்வுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. வன்முறை பற்றிய ஆய்வு என்று ஊருக்குள் அறிவிக்கக் கூடாது, பெண்களின் நலம் பற்றியது என்று பொதுவாகவே அறிமுகப்படுத்த வேண்டும் என்கிறது அது. கதவை மூடிக்கொண்டு ஒருத்தியிடம் தனியாகக் கேட்பதற்கே இவ்வளவு எச்சரிக்கை. நீங்கள் தட்டி வைத்து, வட்டமாக உட்காரவைத்து, படமும் எடுத்துப் பகிர்ந்திருக்கிறீர்கள். இதைப் படித்த உடனே அந்தப் படங்களை அழியுங்கள். குழுவில் இருப்பவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள், ஏன் என்று விளக்கம் எழுதாமல்.

அமெரிக்கப் பெண்களைக் காட்டுகிறீர்கள். 1969 மார்ச்சில் நியூயார்க்கில் ‘ரெட்ஸ்டாக்கிங்ஸ்’ என்ற பெண்ணியக் குழுவினர் மேடையேறித் தங்கள் கருக்கலைப்பு அனுபவங்களைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம் அம்மாநிலச் சட்டமன்றக் குழு கருக்கலைப்புச் சட்டம் பற்றி விசாரித்தபோது, சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்கள் 14 ஆண்களும் ஒரு கன்னியாஸ்திரியும். அதற்கான பதில் அந்த மேடை. பேசியவர்கள் பேசுவது என்று தாங்களே முடிவெடுத்து வந்தவர்கள். சிறு குழுக்களில் இருந்தவர்களும் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டு, அதே முகங்களோடு திரும்பத் திரும்பக் கூடியவர்கள். உங்கள் வட்டத்தில் அந்தப் பெண்ணின் நாத்தனாரோ, எதிர்வீட்டுக்காரரோ, கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவியோ இருந்திருக்கலாம். பேசும் முறை வட்டத்தில் ஒவ்வொருவருக்காக வரும்போது, முறை வந்தபின் மௌனமாக இருப்பதுகூட ஒரு பதிலாகிவிடுகிறது. ‘இவளுக்கும் ஏதோ இருக்கிறது’ என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் தானாகச் சொல்லவில்லை, ம. நீங்கள் சொல்லவைத்தீர்கள்.

‘இங்கே பேசியது வெளியே போகாது’ என்று உறுதி வாங்கியிருப்பீர்கள். அப்படி ஓர் உறுதியை 38 பேரால் காப்பாற்ற முடியாது, 9 பேராலும் முடியாது. கூடுகையின் தொடக்கத்தில் நேர்மாறாகச் சொல்லுங்கள்: ‘இங்கே பேசுவது வெளியே போகக்கூடும். அதனால் யாரும் தன் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டாம். நாம் ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசுவோம்.’

அந்தக் கதாபாத்திரம்தான் உங்கள் தலைப்பு, பேச்சாளர் எல்லாம். கதை பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. படிக்க இரண்டு நிமிடம். பெயர் அங்கிருக்கும் யாருக்கும் இல்லாத பெயர். பிள்ளைகளின் எண்ணிக்கை, செய்யும் தொழில், வயது எதுவும் வட்டத்தில் உள்ள எந்த வீட்டோடும் ஒத்துப்போகக் கூடாது. முடிவு சொல்லக் கூடாது, அவள் ஒரு முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கதையை நிறுத்திவிட வேண்டும். எடுத்துக்காட்டாக: நாச்சியாருக்கு நான்கு மாதமாக மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. வேலைக்குப் போகிறாள். மருத்துவரிடம் போகவில்லை. இன்று வேலையிடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது கேட்க வேண்டியது ‘ஏன்?’ மட்டும். ஏன் போகவில்லை? பணமில்லை. வேலைக்குப் போகிறாளே, ஏன் இல்லை? சம்பளம் அவள் கையில் இருப்பதில்லை. ஏன்? கேட்டால் சண்டை வரும். ஏன்? நான்கைந்து ‘ஏன்’ போனால் வட்டம் தானாகவே உரிமைக்கு வந்து சேரும். உதிரப்போக்கில் தொடங்கிய பேச்சு சம்பளம் யாருடையது என்ற கேள்வியில் வந்து நிற்கும். நலத்துக்கு ஒரு மாதம், உரிமைக்கு ஒரு மாதம் என்று நீங்கள் போட நினைக்கும் பட்டியல் எனக்குத் தேவையில்லாததாகத் தெரிவது இதனால்தான். ‘அவள் குணமே அப்படி’ என்று ஒரு பதில் கட்டாயம் வரும். அங்கே நின்றுவிடாதீர்கள். ‘குணம் வேறாக இருந்தால் பணம் கைக்கு வந்திருக்குமா?’ என்று கேளுங்கள்.

90 நிமிடம் போதும். போன மாதம் செய்வதாகச் சொன்னதில் எது நடந்தது என்று பார்க்கப் பத்து நிமிடம். கதைக்கும் அதைத் திரும்பச் சொல்லவைப்பதற்கும் பத்து. பிறகு மூன்று நான்கு பேராகப் பிரிந்து பதினைந்து நிமிடம், ஏனென்றால் இருபது பேர் நடுவே வாய் திறக்காதவர் நான்கு பேர் நடுவே பேசுவார். அடுத்து எல்லோரும் சேர்ந்து அரை மணி. மிச்ச நேரம் ‘நாச்சியாரைத் தெரிந்தவர்கள் என்ன செய்யலாம்?’ என்பதற்கு. இதில் வரும் பதில்களில் ஒன்றையாவது அடுத்த கூடுகைக்குள் செய்து பார்க்கும் அளவுக்குச் சிறிதாக்கிவிடுங்கள். இருபது பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டம்.

நடத்துபவர் செய்யும் பெரிய பிழை, கேள்வி கேட்டுவிட்டு மௌனம் பொறுக்காமல் தானே பதில் சொல்வது. மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். மூத்தவர் யாராவது ‘சகித்துக்கொண்டு போகட்டும்’ என்றால் மறுத்துப் பேசாதீர்கள், மறுத்தால் அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ‘சரிம்மா, சகித்துக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து நாச்சியார் எப்படி இருப்பாள்?’ என்று அவரிடமே கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் ‘இது என் கதைதான்’ என்று சொல்லக்கூடும். அதற்காகவே எப்போதும் இரண்டு பேர் நடத்த வேண்டும். ‘சொன்னதற்கு நன்றி, முடிந்ததும் நாம் பேசுவோம்’ என்று மட்டும் சொல்லி, பேச்சை நாச்சியாரிடம் திருப்பிவிடுங்கள். இரண்டாமவர் பிறகு அவரோடு தனியாக உட்கார வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கையேடு இதற்கு ஐந்து படி சொல்கிறது: குறுக்கிடாமல் கேட்பது, என்ன தேவை என்று விசாரிப்பது, நம்புவதாகவும் குற்றம் அவர்மீது இல்லை என்றும் சொல்வது, பாதுகாப்பைப் பற்றி யோசிப்பது, உதவியோடு இணைப்பது. இதில் அறிவுரை என்று ஒரு படியே கிடையாது. ‘அவனை விட்டு வந்துவிடு’ என்று சொல்லாதீர்கள். பிரிய முயலும் நேரமும் பிரிந்த உடனே வரும் காலமும்தான் மிக ஆபத்தானவை. கணவரிடம் போய்ப் பேசாதீர்கள், நீங்கள் எழுந்துவந்த பிறகு அதன் விளைவை அந்தப் பெண்தான் தனியாக அனுபவிப்பார். துண்டறிக்கையைக் கையில் திணிக்காதீர்கள், பையில் கண்டுபிடிப்பார்கள். கழுத்தை நெரித்தது, கொன்றுவிடுவேன் என்றது, ஆயுதம், கர்ப்ப காலத்தில் அடி, அடியின் கடுமை கூடிக்கொண்டே போவது — இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலும் அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது. அவர் சம்மதத்தோடு அன்றைக்கே, இதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் இணைக்க வேண்டும். அவர்கள் யார், எந்த நேரத்தில் கிடைப்பார்கள் என்பது முதல் கூடுகைக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

பேச்சாளர்கள் வேண்டாம். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில், பிரசவம், குழந்தை நலம் பற்றிக் கூடிப் பேசிய பெண்கள் குழுக்களைப் பற்றி நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. குழுக்களை நடத்தியவர்கள் மருத்துவரோ செவிலியரோ அல்ல, உள்ளூர்ப் பெண்கள். மாதம் ஒரு கூட்டம். குழு நடந்த பகுதிகளில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 26.2, நடக்காத பகுதிகளில் 36.9. வழக்கறிஞரை அழைப்பதானால் வட்டம் ஒரு கேள்வியில் முட்டி நின்ற பிறகு, அந்தக் கேள்விக்கு மட்டும், பதினைந்து நிமிடம் அழையுங்கள்.

ஆண்கள்: சேர்க்கலாம், ஆனால் இந்த வட்டத்தில் அல்ல. உகாண்டாவில் உருவாகி 1995இல் வெளியான ‘ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்’ பயிற்சி முறையில் ஆண்கள், பெண்கள், இளையோர், மூத்தோர் தனித்தனிக் குழுக்களாகப் பேசி, இடையிடையே மட்டும் ஒன்றுகூடுவார்கள். ஆண்கள் குழுவை நடத்த ஓர் ஆள் கிடைத்ததும் எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

இனி அந்த 9 பேர். எண்ணிக்கை முக்கியமில்லை என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். வங்கதேசத்தில் நேபாளத்தின் முறையிலேயே நடந்த குழுக்களால் எந்தப் பலனும் தெரியவில்லை என்று 2010இல் முடிவு வந்தது. அங்கே மக்கள்தொகையில் ஏறத்தாழ 1400 பேருக்கு ஒரு குழு. பிறகு 309 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கமாக்கியபோது, பிறந்து ஒரு மாதத்துக்குள் நேரும் குழந்தை மரணம் 38 சதவீதம் குறைந்தது. எந்தப் பெண்களுக்கு வேண்டுமோ அவர்களில் முன்பைவிட அதிகம் பேர் வட்டத்துக்குள் வந்திருந்தார்கள். ஆகவே வராத 29 பேரில் யார் யார் என்று பாருங்கள். கைக்குழந்தைக்காரர்களா? வேலை முடிந்து வர நேரம் போதாதவர்களா? அப்படியானால் நேரத்தை மாற்றுவதும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் ஆறு பேரில் இருவர் வெளியே உட்காருவதும் எந்தத் தலைப்பைவிடவும் பலன் தரும். அழுத நாளுக்குப் பிறகு நின்றவர்களா? அப்படியானால் அடுத்தது தங்கள் முறை என்று பயந்திருக்கிறார்கள். இனி யாரிடமும் சொந்தக் கதை கேட்க மாட்டோம் என்ற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் ஆறு பேரும் சேர்ந்து போகாதீர்கள். தொலைபேசியில் செய்தியும் அனுப்பாதீர்கள், யார் கையில் இருக்கும் என்று தெரியாது. உங்களில் ஒருவர், அவர் வழக்கமாக வெளியே வரும் இடத்தில், எல்லோரும் பேசும் சாதாரண விஷயத்தோடு தொடங்கட்டும். அவர் தனியாக இருந்தால் மட்டும், ‘அன்றைக்கு உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, தவறு எங்களுடையது’ என்று சொல்லட்டும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். எப்போது பேச நினைத்தாலும் யாரிடம், எங்கே, எந்த நேரத்தில் வரலாம் என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் பேச்சை மாற்றினால் கூடவே மாற்றிவிடுங்கள்.