பெயர்பெற்ற கலைஞர் ஒருவரின் கல்வெட்டில் வாழ்க்கை வரலாற்றையும் கடைசி வருத்தத்தையும் எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் பெரியப்பா இசை நாடக நடிகர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அவரைத் தெரியாத ஆளில்லை. போன கிழமை காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். அவரைப் பற்றிச் சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளில் பிறந்த ஆண்டே ஒன்றுக்கொன்று மாறுகிறது. கடைசி மூன்று வருடம் படுக்கையில் இருந்தவர். அதை எழுதலாமா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு அபிப்பிராயம். எங்கே தொடங்குவது?

பதில்:

முதலில் நாளை எண்ணுங்கள். அந்தியேட்டிக் கிரியை 31ஆம் நாள் என்றாலும் உங்கள் கையில் 31 நாள் இல்லை. எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடியும்வரை வீட்டில் ஒருவரும் ஆறுதலாக இருந்து கதைக்க மாட்டார்கள். அச்சகத்துக்குக் கடைசியில் ஒரு கிழமை விட வேண்டும். நடுவில் மிஞ்சுவது இரண்டு கிழமை. அதில் முதல் கிழமையைத் திகதி சரிபார்க்கவே ஒதுக்குங்கள். எழுதுவதற்கு நாலு நாள் போதும்.

(தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே கல்வெட்டு என்பது இறந்தவரின் வரலாறு, இறந்த திதியைச் சொல்கிற திதி வெண்பா, பஞ்சபுராணம், குடும்பத்தார் விபரம், நன்றி நவிலல் எல்லாம் சேர்த்து அச்சிட்டு அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகம். நினைவு மலர் என்றும் சொல்வோம். கல்லில் வெட்டுவதல்ல.)

உங்கள் பெரியப்பா போன்ற ஒருவருக்கு அந்தப் புத்தகம் வீட்டோடு நிற்காது. பிறகொரு காலம் இசை நாடக வரலாறு எழுத வருகிற மாணவனுக்குச் சஞ்சிகை ஒரு ஆண்டும் கல்வெட்டு வேறொரு ஆண்டும் சொன்னால், வீட்டார் போட்டது என்று கல்வெட்டைத்தான் நம்புவான். அதனால் புகழ்மொழி குறைந்தாலும் பரவாயில்லை, திகதி பிழைக்கக் கூடாது.

பிறந்த ஆண்டு மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சாதகக் கொப்பியிலிருந்து ஆங்கிலத் திகதிக்கு மாற்றுகிற இடத்தில் இருக்கும். கொப்பியில் ‘பவ வருடம் தை மாதம் 5ஆம் நாள்’ என்று இருக்கிறது என்று வையுங்கள். பவ வருடம் 1934 சித்திரையில் தொடங்கியது. ஆகவே ‘பவ என்றால் 1934’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த வருடத்துத் தை 1935இல்தான் வருகிறது. இரண்டாவது பிழை எங்கள் ஊர் வழக்கத்தால் வருவது: ஜனவரியையும் நாங்கள் தை என்றே சொல்வோம். தமிழ் மாதத்தின் தை 5 ஜனவரி 18. மாற்றுகிறவர் ஜனவரி 5 என்று போட்டுவிடுவார். ஒரே வரியில் ஒரு வருடமும் 13 நாளும் போய்விடும். கிழமையைப் பார்த்துப் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1934 ஜனவரி 5உம் வெள்ளி, 1935 ஜனவரி 18உம் வெள்ளி. நட்சத்திரத்தைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிக்கும்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இரண்டு திகதி இருக்கும், பிறந்தது ஒன்று, பதிந்தது ஒன்று. அவசரத்தில் பார்க்கிறவர் கண்ணுக்குப் பதிந்த திகதிதான் முதலில் படும். பள்ளிக்கூடப் பதிவில் வயதைக் கூட்டியோ குறைத்தோ சேர்த்திருப்பார்கள். மற்ற இரண்டும் கிடைக்காவிட்டால் மட்டும் அதை எடுங்கள். 1995 இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்திருந்தால், பிறப்பைப் பதிந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். அவர் பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் ஒன்றுதானா என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்தத் தலைமுறையில் மலாயாவில் பிறந்து இங்கே வளர்ந்தவர்கள் நிறையப் பேர். பேராசிரியர் கைலாசபதி பிறந்ததே கோலாலம்பூரில்.

வயதைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். கைலாசபதி 1933 ஏப்ரலில் பிறந்து 1982 டிசம்பரில் மறைந்தார். ‘49 வயதில்’ என்றாலும் சரி, ‘50ஆவது வயதில்’ என்றாலும் சரி. ‘50 வயதில்’ என்றால் பிழை. முடிந்த வயதை மட்டும் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

மேடை வாழ்க்கைக்கு வீட்டாரின் நினைவு காணாது, கூட நடித்தவர்களைப் பிடியுங்கள். ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்வார்கள். ‘1964 புயலுக்கு முன்னமோ பின்னமோ? 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முன்னமோ? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகும் ஆடினவரோ?’ என்று கேட்டால் ஆண்டு தானாக நெருங்கி வரும். எந்த சபாவோடு ஆடினார், காங்கேசன்துறை வசந்த கான சபாவில் நடிகமணி வைரமுத்துவோடு மேடை ஏறியிருக்கிறாரா, ராஜபார்ட்டா ஸ்திரீபார்ட்டா, ஆர்மோனியம் யார், பின்பாட்டு யார் என்பதை எல்லாம் பெயரோடு எழுதுங்கள். ‘பல நூறு மேடைகள் கண்டவர்’ என்ற வசனத்தால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. ‘அரிச்சந்திரா மயான காண்டத்தில் சந்திரமதி’ என்ற நாலு சொல்லை ஒரு ஆராய்ச்சி மாணவன் பொக்கிசமாக எடுப்பான். கலாபூஷணம் போன்ற விருதுகளுக்குச் சான்றிதழில் ஆண்டு இருக்கும். சட்டகத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பார்த்து எழுதுங்கள், நினைவில் எழுதாதீர்கள்.

இனி வருத்தத்தைப் பற்றி. எழுதலாம், ஆனால் எதை எழுதுவது என்பதைத் தெரிந்து எழுத வேண்டும். கலைஞருடைய நோய் அவருடைய தொழிலைத் தொட்ட இடம் வரலாற்றுக்குரியது, மிச்சம் வீட்டுக்குரியது. விபுலாநந்த அடிகள் உடம்பு தளர்ந்த நிலையிலும் பழந்தமிழ் இசை பற்றிய ‘யாழ் நூலை’ முடித்தார். 1947 ஜூனில் அது அரங்கேறியது, அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவருடைய வருத்தத்தை வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டால் அந்த நூலின் அருமையில் பாதி போய்விடும். உங்கள் பெரியப்பாவுக்கும் அப்படி ஒரு இடம் இருக்கும். எப்போது குரல் உடைந்தது, எந்த மேடைக்குப் பிறகு பாடவில்லை, படுத்த பிறகும் யாருக்காவது பாட்டுச் சொல்லிக் கொடுத்தாரா என்று விசாரியுங்கள்.

நோயின் பெயரைப் போடுவதென்றால் ஆஸ்பத்திரி தந்த கடதாசியைப் பார்த்துப் போடுங்கள். இங்கே நடக்கிற பிழை, எல்லா மரணத்தையும் ‘மாரடைப்பு’ என்று எழுதுவது. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடி அடைபடுவது. மரண காரணப் பத்திரத்தில் மேல் வரியில் இருக்கிற ‘இதயச் சுவாசச் செயலிழப்பு’ என்பது உயிர் போன விதம், நோய் அல்ல. அந்தப் பத்திரத்தில் உடனடிக் காரணம் மேலே இருக்கும், அதற்குக் காரணமான நோய் கீழ் வரிகளில் இருக்கும். கீழ் வரியைப் பாருங்கள். பாரிசவாதம் வந்து, மூன்று வருடம் படுத்து, கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி நியூமோனியாவில் போனவருக்கு ‘மாரடைப்பால் காலமானார்’ என்று எழுதினால் அந்த மூன்று வருடமும் இல்லாமல் போய்விடும். எப்போது தொடங்கியது என்பதற்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது தந்த அட்டையும் கிளினிக் கொப்பியுமே சாட்சி.

சொல்ல வேண்டாம் என்று பெரியம்மாவோ பிள்ளைகளோ சொன்னால் அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள். சம்பந்தம் பேசுகிற வீட்டில் ‘பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ’ என்ற கேள்வி இன்னும் எழுகிற ஊர் இது. சலரோகம், பிரஷர் என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள். மனநோய், சயரோகம், வலிப்பு என்றால் பேத்தியின் கலியாணம் வரைக்கும் பார்ப்பார்கள். அப்படியான இடத்தில் ‘சிலகாலம் சுகவீனமுற்றிருந்து’ என்று எழுதிவிட்டுப் போகலாம். சொல்லாமல் விடுவது ஒன்று, இல்லாத ஒரு நோயை உண்டாக்கி எழுதுவது வேறு. இரண்டாவதை மட்டும் செய்யாதீர்கள். குழாய் பூட்டியது, புண் வந்தது, கடைசியில் ஆளைத் தெரியாமல் போனது எல்லாம் வேண்டாம். பார்த்தவர்கள் மறக்கப் போவதில்லை, பார்க்காதவர்களுக்கு அது தேவையும் இல்லை. வைத்தியம் பிழைத்தது என்ற மனக்குறை இருந்தால் அதற்குரிய இடத்தில் எழுத்தில் முறையிடுங்கள், கல்வெட்டில் வேண்டாம்.

எழுதினால் ஏறத்தாழ இந்த அளவு போதும்: ‘2021 ஐப்பசியில் பாரிசவாதத்தால் வலக்கை வழங்காமல் போனது. அதன் பிறகு மேடை ஏறவில்லை. படுக்கையில் இருந்தபடியே இரண்டு மாணவர்களுக்கு மயான காண்டப் பாடல்களைப் பாடங்காட்டினார். மூன்று ஆண்டுகளும் அவரைப் பராமரித்தவர் துணைவியார்.’ பராமரித்தவர் யார் என்ற அந்தக் கடைசி வசனத்தை அநேகமான கல்வெட்டுகள் விட்டுவிடுகின்றன. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்களின் பெயர் இருக்கும், மலசலம் எடுத்தவரின் பெயர் இருக்காது.

குடும்ப விபரத்தில் சண்டை வருகிற சொல் ‘காலஞ்சென்ற’. ‘காலஞ்சென்ற இன்னார், இன்னாரின் அன்புச் சகோதரரும்’ என்று போட்டால் அந்தச் சொல் இரண்டு பேரையும் பிடிக்கும். இரண்டாமவர் கனடாவில் சுகமாக இருப்பார். இரண்டு பேரும் இல்லையென்றால் ‘காலஞ்சென்றவர்களான’ என்று தொடங்குங்கள். ஒருவர் மட்டும் இல்லையென்றால் இருப்பவரை முன்னுக்குப் போட்டு, ‘இன்னார், மற்றும் காலஞ்சென்ற இன்னார் ஆகியோரின்’ என்று முடியுங்கள். பத்திரிகையில் கொடுத்த மரண அறிவித்தலை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்; அது சா வீட்டு அவசரத்தில் எழுதியது, ஒரு மருமகனாவது விடுபட்டிருப்பார்.

திதி வெண்பா எழுதுகிறவருக்கு ஆங்கிலத் திகதியை மட்டும் சொல்லி அனுப்ப வேண்டாம். ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, இந்த நாலையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். உயிர் பிரிந்த நேரத்தில் நின்ற திதிதான் கணக்கு. அதிகாலை 2 மணிக்கு என்றால் ஆங்கிலத் திகதி மாறிவிட்டிருக்கும், பஞ்சாங்கக் கணக்கில் சூரியன் உதிக்கும்வரை முதல் நாள்தான். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடிகிற நேரத்தில் சில மணித்தியால வித்தியாசம் வரும். திதி மாறுகிற நேரத்தில் நடந்திருந்தால் உங்கள் வீட்டுக் கிரியைகள் செய்கிற ஐயரைக் கேட்டு, அவர் பார்க்கிற பஞ்சாங்கத்தையே எடுங்கள். ஆண்டுத் திவசம் அதைப் பார்த்துத்தான் நடக்கும். வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிகிறதா என்பதைத் தமிழ் வாத்தியார் ஒருவரிடம் காட்டிக் கொள்வது நல்லது.

அச்சகத்துக்குப் போகும்போது பக்கம் நாலால் பிரிபட வேண்டும். ஏ4 தாளை மடித்து நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம், 33 பக்கம் என்றால் 36 ஆகும், மூன்று வெறும் பக்கம். 32, 36, 40 என்று முன்னமே தீர்மானித்துவிட்டு எழுதினால் வசதி. படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியூமென்டாக அனுப்புங்கள். முழுப் பக்கப் படத்துக்கு ஏறத்தாழ 1750க்கு 2480 புள்ளி வேண்டும். பழைய மேடைப் படம் கண்ணாடியில் ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யக் கொடுங்கள்.

நீங்கள் யுனிகோட்டில் அடித்து அனுப்புவதை அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் புறூஃபில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் ‘இ’ இருக்கிறது. மாற்றம் பிசகினால் ‘அளவெட்டி, மல்லாகம்’ என்பது ‘அளவெட்டிஇ மல்லாகம்’ என்று வரும். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வரிசையாக வருகிற குடும்ப விபரப் பக்கத்தில்தான் இது கூடுதலாக நடக்கும். புறூஃபைப் போனில் பார்க்காமல் தாளில் எடுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தைப் பார்க்க, இரண்டு பேராக இருந்து பாருங்கள்.

எத்தனை பிரதி என்பதற்கு வீட்டுக்கு ஒன்று என்று கணக்கெடுத்து 50 கூட அடியுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு இரண்டு, திருநெல்வேலியில் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்று, நூலகம் நிறுவனத்துக்கு ஒன்று. அவர்கள் நினைவு மலர்களை இணையத்தில் ஏற்றி வைக்கிறார்கள், கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளையும் அங்கே பார்க்கலாம். அடித்த பிறகு பிழை கண்டுபிடித்தால், அது பெயரோ திகதியோ என்றால், உள்ளங்கை அகலத் துண்டில் திருத்தம் அடித்து முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். நூலகங்களுக்குப் போகிற பிரதிகளில் முதலில் ஒட்டுங்கள்.